பாட்டு ஒன்று, குரல் இரண்டு: வாசகர் கேள்வி - பதில்

ஒருவர் பாடி வெளியிட்ட பாட்டை இன்னொருவர் தன் பாணியில் மறுபடி பாடுவதுதான் கவர் பாட்டு. அதைப் பற்றி வந்த கேள்விகள் மட்டும் இந்த இதழில். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

ஒரு கவர் பாட்டு ஒரிஜினலை மிஞ்சிவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது? அதிகமாக விற்றால் போதுமா?

போதாது. 'ஹவுண்ட் டாக்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிக் மாமா தார்ன்டன் 1952-இல் பதிவு செய்து, 1953-இல் வெளிவந்தது. ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. ஒட்டிக்கொண்டு தின்று திரியும் ஓர் ஆணை ஒரு பெண் வாசலோடு விரட்டும் பாட்டு அது. எல்விஸ் பிரெஸ்லி 1956-இல் பாடியது, லாஸ் வேகஸில் ஃப்ரெடி பெல் குழு மாற்றிப் பாடிக்கொண்டிருந்த வரிகளை. அதில் முயல் பிடிக்கத் தெரியாத நாய் வந்துவிட்டது. விரட்டப்பட்ட ஆண் காணாமல் போய்விட்டான். விற்பனையில் எல்விஸ் எங்கேயோ போய்விட்டார். பாட்டாகப் பார்த்தால் எங்கள் தீர்ப்பு தார்ன்டன் பக்கம்தான். அவர் குரலில் ஆள் இருக்கிறான், கோபம் இருக்கிறது. பின்னதில் வேகம் மட்டும் இருக்கிறது.

மிஞ்சிவிட்டது என்பதற்கு நாங்கள் நம்பும் அடையாளங்கள் வேறு. பாட்டை எழுதியவரே பிறகு மேடையில் அந்தக் கவரைப் போலப் பாட ஆரம்பித்துவிட்டால், அதைவிடப் பெரிய சான்று வேண்டாம். அடுத்து பாட வருகிறவர்கள் ஒரிஜினலை விட்டுவிட்டுக் கவரைப் பார்த்துப் பாடுகிறார்களா என்று பாருங்கள். மூன்றாவதை நீங்களே வீட்டில் செய்யலாம். கவரைக் கேட்டுவிட்டு உடனே ஒரிஜினலைப் போடுங்கள். ஏதோ ஒன்று இன்னும் வரவில்லையே என்று காது காத்திருந்தால், அந்த ஒன்றைக் கவர் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறது என்று அர்த்தம்.

'ஆல் அலாங் தி வாட்ச்டவர்' பற்றி எல்லாரும் சொல்கிறார்கள். பாப் டிலன் பாடியதற்கும் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பாடியதற்கும் உண்மையில் என்னதான் வித்தியாசம்? சத்தம் கூடியிருக்கிறது என்பது தவிர எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

முதலில் மாறாமல் இருப்பதைக் கவனியுங்கள். கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகள், மூன்றுதான். சுரத்தில் சொன்னால் ச, நி, த, மறுபடி நி என்று இரண்டு படி இறங்கி ஒரு படி ஏறும் வட்டம். நடபைரவி ராகத்தின் சுரங்கள். பாட்டு தொடங்கி முடியும்வரை இந்த ஒரே வட்டம்தான் சுற்றுகிறது. பல்லவி என்று ஒன்று கிடையாது. மூன்று சரணம், முடிந்தது. ஹென்ட்ரிக்ஸ் இதில் ஒரு கார்டைக்கூடக் கூட்டவில்லை. மெட்டையும் ஏறக்குறைய டிலன் பாடியபடியே பாடுகிறார். சுருதி மட்டும் ஒன்றரைக் கட்டையிலிருந்து ஒரு கட்டைக்கு இறங்கியிருக்கிறது, அவர் கிதாரின் கம்பிகளை அரைச்சுரம் தளர்த்தி வைத்திருந்ததால்.

இப்போது மாறியது. டிலனின் பதிவு 1967 டிசம்பர் கடைசியில் வெளிவந்த ஆல்பத்தில் இருக்கிறது. அக்கூஸ்டிக் கிதார், மௌத் ஆர்கன், பேஸ், டிரம்ஸ், இரண்டரை நிமிடம். வரிகள் புயலைச் சொல்கின்றன. வாத்தியங்கள் அமைதியாக நடக்கின்றன. அதுவும் ஓர் அழகு, மறுக்கவில்லை. ஆனால் பல்லவி இல்லாத பாட்டில் சரணத்துக்கும் சரணத்துக்கும் நடுவே ஓர் இடம் காலியாக இருக்கிறது. டிலன் அங்கே மௌத் ஆர்கன் வாசித்து நிரப்புகிறார். ஹென்ட்ரிக்ஸ் அந்த இடத்தில்தான் கதையை நடத்துகிறார்.

இரண்டாவது சரணம் முடிந்ததும் வரும் நீண்ட கிதார் பகுதியை மட்டும் தனியாக எடுத்து நான்கைந்து முறை கேளுங்கள். ஒரே வாசிப்பு போலத் தோன்றும். உள்ளே நான்கு வேறு குரல்கள் இருக்கின்றன. முதலில் விரலால் நேராக வாசிக்கும் தனி. அடுத்து கம்பியின் மேல் ஒரு பொருளை வைத்து இழுக்கும் ஸ்லைடு. நிலையில்லாமல் மிதக்கும் சத்தம். மூன்றாவது வா-வா பெடல், வாய் திறந்து மூடுவது போல. கடைசியில் தனிச்சுரங்களை விட்டுவிட்டு, கார்டுகளையே உரசி உரசி மேலே ஏற்றுகிறார். ஒவ்வொரு குரலும் முந்தையதைவிட ஒரு படி உயரத்தில் முடிகிறது. அந்த உச்சியிலிருந்து மூன்றாவது சரணத்துக்குள் இறங்கும்போது, காவல் கோபுரமும் காற்றும் வரும் வரிகள் உங்கள் கண்முன்னே நிற்கின்றன. கார்டு வட்டம் அசையாமல் இருப்பதால்தான் மேலே இவ்வளவு அசைவைக் காது தாங்குகிறது. கார்டுகளையும் மாற்றியிருந்தால் குழப்பமாகியிருக்கும்.

அடியில் ஓடும் அக்கூஸ்டிக் கிதாரையும் கவனியுங்கள். டேவ் மேசன் வாசித்த பன்னிரண்டு கம்பிக் கிதார் அது. எலக்ட்ரிக் கிதாரின் சீற்றத்துக்குக் கீழே டிலனின் பாட்டு இன்னும் உயிரோடு இருப்பது அதனால்தான். 1968 ஜனவரியில் லண்டனில் தொடங்கிய பதிவு நியூயார்க்கில் மாதக்கணக்கில் செதுக்கப்பட்டு அதே ஆண்டு செப்டம்பரில் வெளிவந்தது. அதன் பிறகு டிலன் மேடையில் இந்தப் பாட்டை ஹென்ட்ரிக்ஸ் வழியில்தான் வாசித்தார். மேலே சொன்ன முதல் அடையாளம் இதுதான்.

எந்தப் பாட்டையும் மெதுவாக்கிப் பியானோ மட்டும் வைத்துப் பாடினால் உருக்கமாகிவிடுகிறது. அதையே நானும் செய்யலாமா?

எந்தப் பாட்டும் ஆகாது; சில பாட்டுகள்தான் ஆகும். 'மேட் வேர்ல்ட்' ஆனது. டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸ் 1982-இல் அதை சிந்தசைசரும் ஆட்டத்துக்கான தாளமுமாக வெளியிட்டார்கள். வரிகளோ அன்றாடத்தின் சலிப்பையும் தனிமையையும் சொல்கின்றன. வரி ஒரு பக்கமும் தாளம் ஒரு பக்கமுமாக இழுத்துக்கொண்டிருந்தது. 2001-இல் ஒரு படத்துக்காக மைக்கேல் ஆண்ட்ரூஸும் கேரி ஜூல்ஸும் தாளத்தை எடுத்துவிட்டுப் பியானோவோடு பாடியபோது அந்த இழுபறி நின்றது. 2003 கிறிஸ்துமஸ் வாரத்தில் பிரிட்டனில் முதலிடம்.

உங்கள் பாட்டு அப்படிப்பட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. வரிகளை மெட்டில்லாமல், ஒருவரிடம் பேசுவது போல உரக்கப் படியுங்கள். ஒரு சரணத்துக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரிஜினலில் அதே சரணம் எத்தனை விநாடி என்று பாருங்கள். பேச்சைவிடப் பாட்டு வேகமாக ஓடினால் மெதுவாக்குவதில் அர்த்தம் உண்டு. பேச்சைவிடப் பாட்டு ஏற்கெனவே இரண்டு மடங்கு நீளமாக இருந்தால், இன்னும் மெதுவாக்குவது வார்த்தைகளைப் பிய்த்துப் போடும். கேட்பவர் வரியின் முடிவுக்கு வருவதற்குள் அதன் தொடக்கத்தை மறந்துவிடுவார்.

'ஹர்ட்' பாட்டில் வேகம் விஷயமே இல்லை. நைன் இன்ச் நெய்ல்ஸின் 1994 பதிவே மெதுவானதுதான். அங்கே சரணத்தில் ஷட்ஜத்தோடு (ச) உரசும் ஒரு பிரதி மத்யமம் (கூர்மையான ம) வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கிறது. பல் கூசுவது போல இருக்கும். முடிவில் இரைச்சல் வந்து எல்லாவற்றையும் மூடுகிறது. 2002-இல் ஜானி கேஷ் பாடியபோது அந்த உரசல் சுரத்தை எடுத்துவிட்டுச் சாதாரணக் கார்டுகள் வைத்தார்கள். முப்பதைத் தொடாத ஒருவர் தன்னைத் தானே அழித்துக்கொள்வதைப் பாடியது, 70 வயதுக் குரலில் ஒரு முழு வாழ்க்கையின் கணக்காக மாறிவிட்டது. நடுங்கும் குரலே போதுமான உரசலாக இருந்தது. இன்னொரு உரசல் தேவைப்படவில்லை. ஏறுமுகத்தில் பியானோவின் ஒரே சுரம் திரும்பத் திரும்ப அடிக்கப்பட்டு ஒவ்வோர் அடியிலும் கனம் கூடுகிறது. வரிகளில் மாற்றம் ஒரே ஒரு சொல்: கிரீடத்தைப் பற்றிய வரியில் இருந்த கெட்ட வார்த்தை முள்ளாக மாறியது. அந்த ஒரு சொல்லால் பாட்டுக்குள் பைபிள் வந்துவிட்டது. எழுதிய டிரென்ட் ரெஸ்னரே வீடியோவைப் பார்த்த பிறகு, இது இனி என் பாட்டு இல்லை என்ற பொருளில் பேசினார்.

ஆக, எதை எடுப்பது என்பதைப் பாட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். டிரம்ஸை எடுப்பது எல்லாருக்கும் தெரிந்த வழி. உங்கள் பாட்டில் எடுக்க வேண்டியது வேறொன்றாக இருக்கலாம்.

ஆண் பாடிய பாட்டைப் பெண் பாடினால் வரிகளில் அவன், அவள் என்பதை மாற்ற வேண்டுமா?

அவசரப்பட்டு மாற்றாதீர்கள். அரீதா ஃபிராங்க்ளின் 1967 காதலர் தினத்தன்று நியூயார்க்கில் பதிவு செய்த 'ரெஸ்பெக்ட்' இதற்குப் பாடப்புத்தகம். ஓட்டிஸ் ரெடிங் 1965-இல் எழுதிப் பாடியது: உழைத்துவிட்டு வீட்டுக்கு வரும் ஆண், எனக்குக் கொஞ்சம் மரியாதை கொடு என்று மனைவியிடம் கேட்கிறான். அரீதா வரிகளின் எலும்பை அப்படியே வைத்துக்கொண்டு கேட்கிற ஆளை மாற்றினார். கெஞ்சல் கோரிக்கையாகிவிட்டது.

ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. கட்டுமானத்திலும் கை வைத்தார். ரெடிங்கின் பாட்டில் திருப்பம், அதாவது நடுவில் பாட்டு வேறு பக்கம் போய்த் திரும்பும் பகுதி, இல்லவே இல்லை. அரீதாவின் பதிவில் கிங் கர்டிஸின் சாக்ஸஃபோன் தனி வருகிறது. அதன் கார்டுகள் வேறொரு பாட்டிலிருந்து எடுத்தவை. பாட்டின் சுருதியோடு ஒட்டாத தூரத்தில் சட்டென்று குதித்து, சட்டென்று திரும்புகின்றன. ஆர்-ஈ-எஸ்-பி-ஈ-சி-டி என்று எழுத்துக் கூட்டும் இடம் ரெடிங்கிடம் கிடையவே கிடையாது. பின்னால் அரீதாவின் சகோதரிகள் எர்மாவும் கரோலினும் விரைவாக அடுக்கிக் கொடுக்கும் பின்பாட்டும் புதிது. இன்று அந்தப் பாட்டின் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வருவது எல்லாமே கவரில் சேர்ந்தவை.

இதில் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. எழுத்துக் கூட்டும் பகுதி வரும்போது வாத்தியங்கள் விலகி இடம் விடுகின்றன. குரல் தனியாக நிற்கிறது. புதிதாக ஒன்றைச் சேர்த்தால் அதற்கு இடம் ஒதுக்குங்கள். பழைய வாத்தியங்களின் மேலேயே போட்டால் அது காதில் விழாது.

ஒரிஜினல் சுருதியில் பாடினால் உச்சத்தில் தொண்டை கட்டுகிறது. எவ்வளவு இறக்குவது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கிதாரில் கேப்போ போட்டால் சரியாகிவிடுமா?

கேப்போ என்பது கிதாரின் கழுத்தில் எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப். அது சுருதியை ஏற்றும், இறக்காது. அதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கீபோர்டு எடுத்து, பாட்டின் மிக உயர்ந்த சுரத்தையும் மிகத் தாழ்ந்த சுரத்தையும் கண்டுபிடித்து எழுதுங்கள். பிறகு உங்கள் குரலை அரைச்சுரம் அரைச்சுரமாக (கீபோர்டில் கறுப்பு, வெள்ளை எதையும் விடாமல் ஒவ்வொன்றாக) மேலே கொண்டுபோங்கள். கழுத்து நரம்பு இறுகும் இடம் வந்ததும் நிறுத்தி, அங்கிருந்து இரண்டு அரைச்சுரம் கீழே வாருங்கள். அதுதான் உங்கள் கூரை. இதைச் செய்யும்போது வெறும் 'ஆ' சொல்லிப் பார்ப்பது போதாது. பாட்டின் உச்சத்தில் எந்த உயிரெழுத்து வருகிறதோ அதைச் சொல்லிப் பாருங்கள். 'ஆ'வில் எளிதாக எட்டும் சுரம் 'ஈ'யில் நெரியும்.

கணக்கு இப்படி. ஒரிஜினல் மூன்று கட்டை, அதாவது ஈ மேஜர். பாட்டின் உச்சச் சுரம் ஏ. உங்கள் கூரை எஃப். வித்தியாசம் நான்கு அரைச்சுரம். மூன்று கட்டையிலிருந்து நான்கு அரைச்சுரம் இறங்கினால் ஒரு கட்டை, அதாவது சி மேஜர். இப்போது தாழ்ந்த சுரத்தைப் பாருங்கள். அது பி என்று இருந்தால் ஜி-க்குப் போய்விடும். அங்கே உங்கள் குரல் காற்றாக மட்டும் வந்தால், மூன்று அரைச்சுரத்தோடு நிறுத்தி ஒன்றரைக் கட்டையில் பாடுங்கள். தாழ்ந்த சுரத்துக்கு மைக் கொஞ்சம் கைகொடுக்கும். உச்சத்துக்கு எந்தக் கருவியும் உதவாது. அதனால் இதற்கு மேலும் இழுபறி வந்தால் உச்சத்துக்கே முன்னுரிமை. ஆணின் பாட்டைப் பெண்ணோ பெண்ணின் பாட்டை ஆணோ பாடும்போது நகர்த்த வேண்டியது பெரும்பாலும் 4 முதல் 7 அரைச்சுரம் வரை இருக்கும்.

கிதார்காரர் ஒரு கட்டைக்குக் கேப்போ இல்லாமல் சி வடிவத்தில் வாசிக்கலாம். ஒன்றரைக் கட்டைக்கு அதே வடிவத்தை முதல் கட்டத்தில் கேப்போ போட்டு வாசிக்கலாம். வடிவம் மாறினால் சத்தமும் மாறும் என்பதை மறக்க வேண்டாம். ஜெஃப் பக்லி 1994-இல் வெளியிட்ட 'ஹல்லேலூயா' ஒரு கட்டைதான். ஆனால் அதை சி வடிவத்தில் வாசிக்கவில்லை. ஐந்தாவது கட்டத்தில் கேப்போ போட்டு ஜி வடிவங்களில் வாசித்தார். கம்பியின் நீளம் குறைந்து, எலக்ட்ரிக் கிதாரின் சத்தம் மணி போலச் சின்னதாக, தெளிவாக வருகிறது. குரலுக்குக் கீழே நிறைய இடம் விட்டுவிடுகிறது. அந்தப் பதிவின் தனிமைக்குப் பாதிக் காரணம் அந்தக் கேப்போ.

கரோக்கி டிராக்கை மென்பொருளில் இறக்கிப் பாடுகிறவர்களுக்கு: இரண்டு அரைச்சுரம் வரை தாங்கும். அதற்கு மேல் போனால் டிரம்ஸ் சகதியில் அடிப்பது போலாகும், பின்குரல்கள் பூதம் போலாகும். நான்கு வேண்டுமென்றால் டிராக்கைப் புதிதாக வாசித்துவிடுவதே நல்லது.

தாளத்தை மாற்றுவது எப்படி? ஜோ காக்கர் பீட்டில்ஸ் பாட்டில் செய்தது எனக்குப் புரிந்தால் போதும்.

'வித் எ லிட்டில் ஹெல்ப் ஃப்ரம் மை ஃப்ரெண்ட்ஸ்' 1967-இல் ரிங்கோ ஸ்டார் பாடுவதற்காக எழுதப்பட்டது. அவர் குரல் வீச்சு குறைவு என்பதால் கடைசி உச்சத்தைத் தவிர மெட்டு பெரும்பாலும் ஐந்து சுரங்களுக்குள் அடங்குகிறது. நாலு நாலாக நடக்கும் உற்சாகமான தகதிமி. 1968-இல் காக்கர் அதை மூன்று மூன்றாக நடக்கும் தகிட ஆக்கினார், வேகத்தையும் நன்றாகக் குறைத்தார். சின்ன வீச்சுள்ள மெட்டு என்பதால் சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே இழைக்கவும் அலறவும் அவருக்கு இடம் கிடைத்தது. ஆர்கன், பெண்களின் பின்குரல், ஜிமி பேஜின் கிதார் எல்லாம் அந்த இடத்தை நிரப்பின. நண்பர்களைப் பற்றிய குஷியான பாட்டு, நண்பர்கள் இல்லாவிட்டால் நான் செத்தேன் என்கிற பாட்டாகிவிட்டது.

நீங்கள் செய்து பார்க்க: வாத்தியத்தைத் தொடாதீர்கள். மெட்ரோனோமை (சீராகத் தட்டும் தாளக் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒவ்வொரு தட்டுக்கும் தகிட, தகிட என்று சொல்லிப் பழகுங்கள். பிறகு பாட்டின் வரிகளை அதே தட்டில் பேசுங்கள், பாட வேண்டாம். நெடில் வரும் அசை 'த'வில் விழுகிறதா என்று பாருங்கள். சொல்லின் கடைசியில் வரும் உருபு, வேற்றுமை எல்லாம் 'த'வில் விழுந்து அழுத்தம் பெற்றால் வரி கொச்சையாகக் கேட்கும். அப்போது வரியை அரைத் தட்டு தள்ளித் தொடங்குங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். அதன் பிறகுதான் மெட்டு, கடைசியாகத்தான் வாத்தியம்.

நிறையப் பேர் சறுக்குவது நீளத்தில். நிமிடத்துக்கு 112 தட்டில் 3 நிமிடம் ஓடும் பாட்டை 60-க்கு இறக்கினால் 5 நிமிடம் 36 விநாடி ஆகிவிடும். அவ்வளவு நேரத்துக்கு மூன்று சரணமும் ஒரே கனத்தில் இருந்தால் இரண்டாவதிலேயே கை அடுத்த பாட்டுக்குப் போய்விடும். முதல் சரணத்தில் ஒரே ஒரு வாத்தியம் என்று தொடங்குங்கள், அல்லது ஒரு சரணத்தை விடுங்கள். விடுவதைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் இன்னும் சொல்கிறோம்.

ஒரிஜினல் பாடகரின் சங்கதிகளை அப்படியே பாடுவது தவறா?

கற்றுக்கொள்ளும்போது தவறில்லை, அப்படித்தான் கற்க முடியும். பதிவு செய்யும்போது வேண்டாம். சங்கதி என்பது மெட்டை வளைத்து அழகுபடுத்தும் விதம்; அது அவர் மூச்சின் நீளத்துக்கும் அவர் தொண்டையின் வளைவுக்கும் பிறந்தது. மெட்டின் வெறும் எலும்பை, ஒரு கமகமும் இல்லாமல், சுருதிப் பெட்டியோடு பத்து நாள் பாடுங்கள். பிறகு தானாக எங்கே குரல் வளைகிறதோ அதுதான் உங்கள் சங்கதி.

நாம் ஒரிஜினல் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பாட்டுகளில் எவையெல்லாம் கவர்?

நிறைய. நடாலி இம்ப்ரூலியாவின் 'டோர்ன்' 1997-இல் வந்தது. அதற்கு முன் எட்னஸ்வாப் குழு 1995-இல் வெளியிட்டிருந்தது, அதற்கும் முன் 1993-இல் டேனிஷ் மொழியில் லிஸ் சோரன்சன் பாடிவிட்டார். ஜோன் ஜெட்டின் 'ஐ லவ் ராக் அண்ட் ரோல்' தி ஆரோஸ் குழுவின் 1975 பாட்டு. சினேட் ஓ'கானர் 1990-இல் உலகையே அழவைத்த 'நத்திங் கம்பேர்ஸ் டு யூ' பிரின்ஸ் எழுதி, 1985-இல் தி ஃபேமிலி குழுவின் ஆல்பத்தில் யாரும் கவனிக்காமல் கிடந்தது. 'கில்லிங் மி சாஃப்ட்லி'யை ராபர்ட்டா ஃபிளாக்குக்கு முன்பே 1972-இல் லோரி லீபர்மன் பாடியிருக்கிறார்.

'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' கதை தனி. 1961-இல் டாப் நோட்ஸ் குழுவுக்கு ஃபில் ஸ்பெக்டர் தயாரித்தது எழுதிய பெர்ட் பெர்ன்ஸுக்குப் பிடிக்கவில்லை. மறு ஆண்டே அவர் ஐஸ்லி பிரதர்ஸை வைத்துத் தான் நினைத்தபடி தயாரித்தார். பீட்டில்ஸ் 1963 பிப்ரவரி 11 அன்று, நாள் முழுக்கப் பாடி முடித்த பிறகு, கடைசிப் பாட்டாக இதை வைத்தார்கள். ஜான் லெனனுக்குச் சளி; தொண்டை கிழிந்திருந்தது. முதல் டேக், அதாவது முதல் தடவை பாடிப் பிடித்ததுதான் வெளிவந்தது. அந்தக் கிழிந்த குரல்தான் பாட்டு.

கவர் பாட்டால் பணம் யாருக்குப் போகும்? நானே வாசித்து, நானே பாடி இணையத்தில் போட்டால் எல்லாமே என்னுடையதுதானே?

இல்லை. ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. வரியும் மெட்டும் ஒன்று; அதைப் பாடிப் பிடித்த ஒலிப்பதிவு இன்னொன்று. நீங்கள் புதிதாகப் பாடினால் உங்கள் ஒலிப்பதிவு உங்களுடையது. வரியும் மெட்டும் எழுதியவருடையதாகவே இருக்கும். உங்கள் பதிவு ஓடும் ஒவ்வொரு முறையும் அவருக்குப் பங்கு உண்டு. இன்னொருவர் தயாரித்த கரோக்கி டிராக்கின் மேல் பாடியிருந்தால் அந்த ஒலிப்பதிவும் உங்களுடையது அல்ல, அதற்குத் தனி அனுமதி வேண்டும். வீடியோவோடு சேர்ப்பது வேறு அனுமதி. வரிகளை வேறு மொழியில் எழுதுவது தழுவல். எழுதியவர் நேரடியாகச் சம்மதிக்க வேண்டும்.

இதன் கனம் தெரிய இரண்டு சம்பவம். சாஃப்ட் செல் 1981-இல் வெளியிட்ட 'டெயின்டட் லவ்' குளோரியா ஜோன்ஸ் அறுபதுகளில் பாடியது. எழுதியவர் எட் காப். பிரிட்டனில் முதலிடம், அமெரிக்கப் பட்டியலில் 43 வாரம். இசைத்தட்டின் மறுபக்கத்தில் தங்கள் சொந்தப் பாட்டு ஒன்றை வைத்திருந்தால், விற்ற ஒவ்வொரு தட்டுக்கும் எழுத்தாளர் பங்கு வந்திருக்கும். அவர்கள் மறுபக்கத்திலும் சுப்ரீம்ஸின் பாட்டு ஒன்றைக் கவர் செய்து வைத்தார்கள். எழுத்தாளர் பங்கு இரண்டு பக்கமும் வேறு கைக்குப் போனது.

டாலி பார்ட்டன் செய்தது இதற்கு நேரெதிர். அவர் எழுதிய 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'வை எல்விஸ் பாட விரும்பியபோது, எல்விஸின் மேனேஜர் பாட்டின் உரிமையில் பாதி கேட்டார். பார்ட்டன் மனம் உடைந்தும் மறுத்துவிட்டார். 1992-இல் விட்னி ஹூஸ்டன் பாடி அமெரிக்காவில் 14 வாரம் முதலிடத்தில் நின்றபோது உரிமை முழுவதும் பார்ட்டனிடமே இருந்தது.

வீட்டில் கவர் பதிவு செய்கிறேன். பாட்டு நன்றாகத்தான் வருகிறது, ஆனால் ஒரிஜினல் பக்கத்தில் வைத்தால் என் குரல் சுருதிக்குக் கீழே தொங்குகிறது. ஏன்?

ஹெட்ஃபோனில் டிராக்கை அதிகச் சத்தமாக வைத்திருப்பீர்கள். தன் குரல் தனக்குக் கேட்காதபோது தொண்டை தள்ள ஆரம்பிக்கும், சுருதி விலகும். சத்தத்தைக் குறையுங்கள், ஒரு காதை ஹெட்ஃபோனிலிருந்து பாதி வெளியே விடுங்கள். மூடிய வகை ஹெட்ஃபோனாக இருக்கட்டும், இல்லையென்றால் தாளத்துக்காக ஓடும் கிளிக் சத்தம் மைக்கில் ஏறி, அமைதியான இடங்களில் டிக் டிக் என்று கேட்கும்.

வாய்க்கும் மைக்குக்கும் 15 முதல் 20 சென்டிமீட்டர். நடுவே 'ப' போன்ற எழுத்துகளின் காற்றடியைத் தடுக்கும் பாப் ஃபில்டர். 24 பிட்டில் பதிவு செய்யுங்கள், உச்சத்தில் பாடும்போது மீட்டர் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல் இருக்கட்டும். முதலில் கிளிக்கோடு ஒரு வாத்தியமும் ஒரு மாதிரிக் குரலும் பதிந்துகொண்டு, அதன் மேல் மற்றதை அடுக்குங்கள். மாதிரிக் குரலைக் கடைசியில் தூக்கிவிடலாம். வரி வரியாக வெட்டிப் பாடாமல் முழுப் பாட்டாக மூன்று முதல் ஐந்து டேக் எடுத்து, நல்ல வரிகளைக் கோத்துக்கொள்ளுங்கள். வரி வரியாகப் பிடித்த குரலில் மூச்சு எங்கும் இருக்காது, களைப்பும் இருக்காது. கதை சொல்பவர் நடுவில் ஆள் மாறியது போலிருக்கும். குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டிவிடுங்கள், அங்கே மேஜை அதிர்வும் மின்விசிறியும்தான் இருக்கும். எதிரொலி கடைசியில், கொஞ்சமாக.

மேடையில் நேரம் போதாது. மூன்றாவது சரணத்தை விட்டுவிட்டுப் பாடலாமா?

விடலாம், எதை விடுகிறோம் என்று தெரிந்து விட்டால். 'ஹல்லேலூயா'வுக்கு லெனர்ட் கோஹன் எழுதிக் குவித்த சரணங்கள் ஏராளம். 1984-இல் பதிவு செய்தது நான்கை. 1991-இல் ஜான் கேல் கேட்டபோது கோஹன் அனுப்பிய ஃபேக்ஸ் 15 பக்கம். கேல் அதிலிருந்து தனக்கு வேண்டியதைப் பொறுக்கிப் பியானோவில் பாடினார். பக்லி கேட்டுக் கற்றது கேலின் பதிவை. இன்று பெரும்பாலானோர் பாடுவது கேல் பொறுக்கிய வரிசையைத்தான். தேர்ந்தெடுப்பதும் ஒரு படைப்புதான்.

தெரியாமல் விடுவதுதான் ஆபத்து. ஹூஸ்டன் பாடிய 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'வைத் தயாரித்த டேவிட் ஃபாஸ்டர் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது பார்ட்டனின் பதிவை அல்ல. லிண்டா ரான்ஸ்டாட் 1975-இல் பாடிய கவரை. ரான்ஸ்டாட் கடைசிச் சரணத்தைப் பாடவில்லை. பார்ட்டனோடு பேசியபோதுதான் அப்படி ஒன்று இருப்பது தெரிந்து, அவரிடமிருந்து வரிகளை வாங்கிச் சேர்த்தார்கள். பிரிந்து போகிறவருக்கு வாழ்த்துச் சொல்லும் சரணம் அது; பார்ட்டன் அதைப் பாடாமல் பேசியே சொல்லியிருப்பார். ஹூஸ்டன் அதைத் தாழ்ந்த குரலில் பாடி முடிக்கிறார். வாத்தியங்கள் நிற்கின்றன. ஒரு மூச்சு இடைவெளி. ஒரே ஒரு டிரம் அடி. சுருதி ஆறு கட்டையிலிருந்து ஏழு கட்டைக்கு ஏறுகிறது, குரல் முழுதாகத் திறக்கிறது. அந்தச் சரணம் இல்லையென்றால் அந்த டிரம் அடிக்கு நிற்க இடமே இருந்திருக்காது.

எனவே எந்தப் பாட்டை எடுத்தாலும் முதலில் முதல் பதிவைத் தேடிப்பிடித்து, எல்லாச் சரணங்களையும் கையால் எழுதிக்கொள்ளுங்கள். எதை விடுவது என்பதை அந்தத் தாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.